கல்லிலே கண்டதைத் துணியிலே தைத்தல்

வெளி மாநிலங்களிலே குடியேறி வாழும் நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரயிலேறுவது வழக்கம். அந்தப் பயணம் பெரும்பாலும் சொந்த ஊரை நோக்கியதாகவே இருக்கும். திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, முதியோரைக் கண்டு வருதல் என்று விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். நாம் ஆண்டுக்கணக்காக உண்டு, உறங்கி, உழைத்து வரும் பிரதேசத்தின் சிறந்த இடங்களையோ, 'இங்கேதானே இருக்கிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டே வருகிறோம். ஒருவாறு மனம் துணிந்து போய் வந்தாலும் கைப்பேசியில் இருநூறு படங்கள் சேருமேயன்றி, பிறகு அவற்றைத் திறந்து பார்ப்பார் எவரும் இலர்.

ஆகவே, பார்த்து வந்த ஓர் இடத்தை வீட்டுச் சுவரில் மாட்டத்தக்க துணிப்படமாகச் செய்வது எவ்வாறு என்பதை இம்மாதம் இப்பகுதியில் எழுத எண்ணினோம். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு தூணை ஊசியாலும் நூலாலும் உருவாக்க உட்காருகிறவர், அந்தத் தூணை மனத்திலே நூறு தடவை பார்த்தாக வேண்டும். அது எங்கே பருத்திருந்தது, எங்கே இளைத்தது, நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கும் பிள்ளையும் அந்தக் கேள்விகளைக் கேட்கும். தான் பிறந்து வளரும் பிரதேசத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்திற்கு வெளியே அது அறிந்துகொள்வதற்கு இது ஒரு வழியாகும்.

எடுத்துக்காட்டாகக் குஜராத் மாநிலத்திலுள்ள பாட்டண் நகரத்தைக் கொள்வோம். அகமதாபாத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரம். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அவ்வூரைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அங்கே கல்லிலே செய்த ஓர் அற்புதமும் இருக்கிறது. நூலிலே செய்த ஓர் அற்புதமும் இருக்கிறது.

கல்லிலே செய்தது 'ராணி கி வாவ்' என்னும் படிக்கிணறு. வாவ் என்ற குஜராத்திச் சொல்லைக் கேட்டதும் நம் செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 'வாபி' என்னும் வடசொல்லிலிருந்து அவர்களுக்கு வாவ் வந்தது. நமக்கு வாவி வந்தது. 11ஆம் நூற்றாண்டில், சோலங்கி மரபினரான முதலாம் பீமதேவனின் பட்டத்தரசி உதயமதி இதனை எடுப்பித்தாள் என்பது வழிவழிவந்த செய்தி. சரஸ்வதி நதிக்கரையில் அமைந்த இந்தக் கிணறு, நதியின் வெள்ளம் கொணர்ந்த வண்டலால் மூடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. 1980களில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அதனை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தபோது, சிற்பங்கள் நேற்றுச் செதுக்கியவை போன்று கூர்மை குன்றாமல் இருந்தன. காற்றும் வெயிலும் படாதபடி மண்ணே அவற்றைக் காத்துவிட்டது. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2018இல் வெளிவந்த ஊதா நிற நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தைப் பாருங்கள்; நாள்தோறும் கடைக்குக் கொண்டுபோகும் அந்தத் தாளிலே இருப்பது இந்தக் கிணறுதான்.

கிணறு என்றால் நம் கொல்லைப்புறத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளலாகாது. இதன் நீளம் சுமார் 64 மீட்டர், அகலம் சுமார் 20 மீட்டர், ஆழம் சுமார் 27 மீட்டர். கிழக்கே வாயில், அங்கிருந்து ஏழு நிலைகளாகப் படிகள் இறங்கி, மேற்குக் கோடியிலுள்ள வட்டக் கிணற்றை அடைகின்றன. இடையிடையே பல அடுக்குத் தூண் மண்டபங்கள். இரு பக்கச் சுவர்களிலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெரிய சிற்பங்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. திருமாலின் அவதாரங்கள் வரிசையாக நிற்க, கிணற்றுச் சுவரிலே அரவணையில் பள்ளிகொண்ட பெருமாள் காட்சி தருகிறார். இவற்றுக்கு நடுவே, உருவம் ஏதுமின்றிச் சதுரமும் கட்டமும் பின்னிப் பிணைந்த வடிவங்கள் செதுக்கிய பலகைகள் உண்டு. அவற்றின் முன் நின்று பார்க்கையில், ஒரு பட்டுச் சேலையை விரித்துக் கல்லாக்கிவிட்டார்களோ என்று தோன்றும்.

அந்தப் பட்டுச் சேலைதான் அவ்வூரின் இரண்டாவது அற்புதம். பட்டோலா என்று அதற்குப் பெயர். சால்வி என்னும் நெசவாளர் குடும்பத்தார் அதனை நெய்து வருகிறார்கள். 12ஆம் நூற்றாண்டிலே குமாரபாலன் என்னும் அரசன், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஜால்னாப் பகுதியிலிருந்து எழுநூறு நெசவாளர் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றினான் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. இன்று அந்தக் கலையை அறிந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பட்டோலாவின் செய்முறையைச் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டும். சாதாரணமாகத் துணியை நெய்த பிறகு அதன்மேல் சித்திரம் அச்சிடுவார்கள். அல்லது சாயமிட்ட நூல்களை மாற்றி மாற்றி ஓட்டிச் சித்திரம் நெய்வார்கள். பட்டோலாவிலோ, நெய்வதற்கு முன்பே பாவு நூலிலும் ஊடை நூலிலும் சித்திரத்தைக் கணக்கிட்டுக் குறித்துவிடுகிறார்கள். சாயம் ஏறக்கூடாத இடங்களைப் பருத்தி நூலால் இறுகக் கட்டி, ஒரு சாயத்தில் தோய்த்து, கட்டவிழ்த்து, வேறிடத்தில் கட்டி, மறுபடியும் தோய்க்கிறார்கள். பாவிலுள்ள சிவப்பு ஊடையிலுள்ள சிவப்பின்மேல் சரியாக வந்து பொருந்தினால்தான் யானை யானையாகும், கிளி கிளியாகும். ஆகையால் ஒரு பக்கம் சாய்ந்த தறியில் இருவர் உட்கார்ந்து நெய்கிறார்கள். சிறிது தூரம் நெய்ததும் நிறுத்தி, ஊசியால் நூல்களை நெருடி நேர்ப்படுத்துகிறார்கள். ஒரு சேலை முடியப் பல மாதங்கள் ஆகும். துணி கிழிந்தாலும் சாயம் மங்காது என்று குஜராத்தியர் பழமொழியாகவே சொல்வர். சால்வி குடும்பத்தார் அவ்வூரிலே அமைத்துள்ள அருங்காட்சியகத்தில் இத்தறியைக் காணலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். பட்டோலாச் சித்திரத்தைப் படமெடுத்து வந்து, மலிவான துணியில் அப்படியே அச்சிட்டுப் 'பட்டோலா' என்ற பெயரில் விற்கும் வழக்கம் சந்தையிலே பரவியிருக்கிறது. மாதக்கணக்கில் நூலைக் கட்டி அவிழ்த்த கைகளுக்கு அதனால் ஒரு காசும் போவதில்லை. நாம் சொல்லும் துணிப்படம் அவ்வகையைச் சேர்ந்ததாக இருத்தல் கூடாது. பிறருடைய சித்திரத்தை நகலெடுப்பது வேறு. நாம் கண்ட இடம் நம் மனத்தில் பதித்ததை நமக்குத் தெரிந்த தையலால் சொல்வது வேறு. எனவே துணிப்படத்துக்குப் படிக்கிணற்றை எடுத்துக்கொள்வோம். பட்டோலாவைக் கண்ணாரக் கண்டு, அதை நெய்தவர்க்கே உரியதென விட்டுவிடுவோம்.

இனி செய்முறை. இது பயணத்தின்போதே தொடங்குகிறது. வீட்டிலுள்ள தையல் நூல்களிலிருந்து பழுப்பு, மஞ்சள், காவி, சாம்பல் ஆகிய நிறங்களில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை ஓர் அட்டையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கல்லின் அருகிலே பிடித்துப் பார்த்து, எந்த நூல் எந்த இடத்துக்கு ஒக்கிறது என்று அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படம் நிறத்தைச் சற்று மாற்றிக் காட்டும். நூல் அப்படிச் செய்யாது. வாயில் கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் படிகளின் வழியே உள்ளே இறங்கும். அந்த நேரத்தில் மேல்நிலைகள் பொன்னிறமாகவும் கீழ்நிலைகள் கருமையாகவும் தோன்றுவதைக் கவனியுங்கள். நம் துணிப்படத்தின் உயிர் அந்த வேறுபாட்டிலே இருக்கிறது.

எல்லாவற்றையும் துணியில் அடக்க முயல்வது வீண். ஆயிரம் சிற்பங்களைத் தைக்கத் தொடங்கினால் ஐந்தாவதிலேயே ஊசியை வைத்துவிடுவோம். நாம் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: வெளிச்சத்திலிருந்து நீரை நோக்கி இறங்கும் அந்த இறக்கம். அதற்குக் கிணற்றின் பக்கவெட்டுத் தோற்றமே ஏற்றது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டால் 64 மீட்டர் நீளம் 64 சென்டிமீட்டர் ஆகும்; 27 மீட்டர் ஆழம் 27 சென்டிமீட்டர் ஆகும். கூடத்துச் சுவருக்கு இது அளவாக அமையும்.

அடித்துணிக்கு வெளுக்காத காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கி, இரவு முழுவதும் நீரில் ஊற வைத்துக் கஞ்சியைப் போக்கி, உலர்த்தித் தேய்த்துக்கொள்க. இதைச் செய்யாவிட்டால் பின்னர் ஒருமுறை நனைந்ததும் துணி சுருங்கி வேலை முழுவதும் கோணிப்போகும். அதிலிருந்து 84 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துண்டை வெட்டுக. ஓரம் மடித்தது போக 80க்கு 45 நிற்கும். மேலே 10 சென்டிமீட்டர் வானத்துக்கு விட்டு, பென்சிலால் ஒரு நேர்க்கோடு இழுக்க வேண்டும். அதுவே தரைமட்டம்.

இடது கோடி மேற்கு. அங்கே 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு, தரைமட்டத்திலிருந்து 27 சென்டிமீட்டர் கீழே வரை, வட்டக் கிணற்றுக்கு இடம் விடுக. அதற்கு வலப்புறத்தில் ஏழு நிலைகளுக்கும் ஏழு துணிப் பட்டைகள். ஒவ்வொன்றின் உயரமும் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறுபடும். மேற்பட்டை 52.5 சென்டிமீட்டர், அதன் கீழ் 45, பிறகு 37.5, 30, 22.5, 15, கடைசியாக 7.5. எல்லாப் பட்டைகளின் இடது முனையும் கிணற்றின் விளிம்பில் ஒரே நேராக நிற்க, வலது முனைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுகிவரும். பார்த்தவுடனே படிகள் தெரியும். மடிப்புக்கென ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பட்டைகளுக்குப் புதுத்துணி வாங்க வேண்டாம். பழைய வேட்டி, சட்டை, ரவிக்கைத் துணி, தலையணை உறை எதுவாயினும் ஆகும். பருத்தியாக இருந்தால் தைப்பதற்கு எளிது. மேற்பட்டைக்கு வெளிர் மஞ்சள், அடுத்ததற்குச் சந்தன நிறம், பிறகு காவி, பழுப்பு, கரும்பழுப்பு என்று கீழே போகப்போக அடர்த்தி கூடட்டும். சாயம் போகும் துணியா என்று அறிய, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கவும். தைக்கும்போது அடிப்பட்டையிலிருந்து தொடங்குக. அதன் மேல் விளிம்பை மடிக்காமல் விட்டு, அடுத்த பட்டையின் மடித்த கீழ் விளிம்பு அதை மூடும்படி வைத்து, முதலில் ஓட்டுத்தையலால் பிடித்து, பிறகு ஹெம்மிங் தையலால் நிலைப்படுத்துக. இவ்வாறே மேல்நோக்கிச் செல்ல வேண்டும்.

பட்டைகள் அமைந்த பிறகு நூல் வேலை. மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் காம்புத் தையலால் இரட்டைக் கோடுகள் இழுத்தால் தூண் மண்டபங்கள் வந்துவிடும். கிணற்றுக்கு ஒரு கருநிறத் துணி. அதன்மேல் சங்கிலித் தையலால் குறுக்கே வளைகோடுகள். அடியில் மூன்று விரற்கடைக்குப் பச்சை கலந்த நீல நிறத்தில் நீர். படிகளுக்குக் கீழே வலப்பக்கத்தில் வெறுமையாக நிற்கும் முக்கோணமான காடாத் துணியை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதுதான் மண். பழுப்பு நூலால், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சற்றே நெளிந்து செல்லும் ஓட்டுத்தையல் வரிகளால் அவ்விடத்தை நிரப்புங்கள். அத்தனை நூற்றாண்டு கிணற்றைக் காத்து நின்ற வண்டல் மண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

கட்டங்கள் பின்னிய கற்பலகையைத் தைக்க அஞ்ச வேண்டியதில்லை. மார்கழியில் வாசலை நிறைத்துப் பழகிய கைகளுக்கு அது புதிதன்று. 3 சென்டிமீட்டர் சதுரத்தில், அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஏழுக்கு ஏழு புள்ளிகள் வைத்துக்கொண்டால் புள்ளிக்கோலம் போலவே வடிவம் தானே அமையும். கோடுகளைப் பின்தையலால் தைக்கலாம். நடுப்பட்டையில் இரண்டு அல்லது மூன்று இடங்களில் மட்டும் இதைச் செய்தால் போதும். மற்ற இடங்களில் வெறும் மாடங்களாகச் சிறு வளைவுகள் தைத்து விடுக. பெருமாளின் திருவுருவத்தைத் தைக்க விரும்புகிறவர்கள் சுவரில் மாட்டும் படத்திலே தைக்கலாம். திண்டு உறையிலும் தரைவிரிப்பிலும் அது கூடாது என்பதை நம் இல்லங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்தாறு வாரங்களில் வேலை முடியும். முடிந்ததும் பின்புறம் ஒரு பருத்தித் துணியை உள்துணியாக வைத்துத் தைத்து, மேலே ஒரு மடிப்பு விட்டு மூங்கிற்கோல் செருகினால் மாட்டுவதற்கு ஆயத்தம்.

இவ்வேலையைத் தமிழர்கள் பிறரிடம் கற்க வேண்டிய நிலையில் இருந்ததில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம். துண்டுத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் கலை நம் கோயில் தேர்களிலே இன்றும் தொங்குகிறது. தேரோட்டத்தின்போது அசைந்தாடும் உருளை வடிவத் தொம்பைகளையும், சிவப்பும் வெள்ளையும் கருப்புமாகத் தைத்த தேர்ச்சீலைகளையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். வடம் பிடிக்கும் பரபரப்பிலே அவை தையற்கலை என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். தஞ்சைப் பக்கத்துக் கைவினைஞர்கள் அந்தக் கலையைக் காத்து வருகிறார்கள்.

இப்பகுதிக்கு ஒரு சகோதரி அனுப்பிய கடிதத்துக்கு இங்கே விடை கூற வேண்டும். அவருடைய அன்னையார் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்னையாரின் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று அவரிடம் இருக்கிறது. அடிப்பக்கம் நைந்துவிட்டது; உடுத்த முடியாது. பயண நினைவாகத் தாம் செய்யும் துணிப்படத்திலே அந்தச் சேலையைச் சேர்க்க அவர் விரும்புகிறார். ஊரிலிருக்கும் தங்கையோ, 'அம்மாவின் சேலையில் கத்தரி வைத்தால் நான் உன் வீட்டுக்கே வரமாட்டேன்' என்று கோபிக்கிறாராம். 'எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

இரு சகோதரிகளுடைய எண்ணமும் அன்பிலிருந்து பிறந்ததே. பெட்டியில் மடித்து வைத்தால் சேலை பத்திரமாக இருக்கும் என்று தங்கை நினைக்கிறார். மண்ணுக்குள்ளே கிடந்த கல் காக்கப்பட்டது மெய்தான். துணியின் இயல்போ வேறு. மடித்த மடிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் துணி அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். ஈரமும் பூச்சியும் வேறு. நாளை பேரப்பிள்ளைகள் திறக்கும்போது அது யாருடைய சேலை என்று சொல்வாரும் இருக்கமாட்டார்கள். ஆதலால் அச்சேலை வெளியே வருவது நல்லது என்பதே நம் கருத்து.

ஆயினும், தங்கையின் சம்மதம் இன்றிக் கத்தரி வைக்கலாகாது. தாயாரின் உடைமையில் இருவருக்கும் சமபங்கு உண்டு. கைவசம் இருப்பதனால் மட்டும் அது ஒருவருக்கு உரியதாகிவிடாது. தங்கைக்கு இவ்வாறு எழுதலாம்: முந்தானையையும் நல்ல உடற்பகுதியையும் தொடப் போவதில்லை. நைந்துபோன அடிப்பக்கத்தை அடுத்து, இன்னும் உறுதியாயுள்ள இடத்திலிருந்து 47 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமுமான ஒரு பட்டையே தேவை. அது ஒரு சாண் அகலங்கூட இல்லை. அதே அளவில் இரண்டு பட்டைகள் எடுத்து, இரண்டு துணிப்படங்கள் தைத்து, ஒன்று தங்கையின் வீட்டுக்கு அனுப்பப்படும். எஞ்சிய சேலை எவரிடம் இருக்க வேண்டும் என்பதையும் தங்கையே முடிவு செய்யட்டும். இதற்குப் பிறகும் அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்த இரண்டாவது பட்டைக்கு வேறு துணி கிடைக்கும். தங்கைக்கு வேறு தமக்கை கிடைக்கமாட்டாள்.

அந்தச் சகோதரி அறிந்தோ அறியாமலோ ஒரு பொருத்தமான துணியைத் தேர்ந்திருக்கிறார். மதுரையில் சுங்குடியைக் கட்டிச் சாயமிட்டுப் புகழ்பெறச் செய்தவர்கள் சௌராஷ்டிர சமூகத்தார். தம் முன்னோர் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாகப் பல தலைமுறைகளில் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றனர் என்பது அவர்கள் போற்றிவரும் வரலாறு. வீட்டிலே தம் மொழியைப் பேசிக்கொண்டும், வெளியே தமிழில் ஊறியும் வாழும் அவர்களுடைய துணியொன்று, ஒரு தமிழ்த் தாயின் உடலில் இருந்து, குஜராத்துக் கிணறொன்றின் படியாக மாறப்போகிறது.

நெசவாளர்கள் இவ்வாறு ஊர் மாறியதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த ஒரு கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய தென் குஜராத்துப் பகுதியிலிருந்து, அவ்வூரில் வந்து குடியேறிய பட்டு நெசவாளர் குழுவினரைப் பற்றிக் கூறுகிறது. அவர்கள் கி.பி. 437ஐ ஒட்டிச் சூரியனுக்கு ஒரு கோயில் எடுத்தார்கள். அது பழுதுற்றபோது 473இல் புதுப்பித்தார்கள். வந்தவர்களிற் சிலர் நெசவையே தொடர்ந்தனர். வேறு சிலர் வில்வித்தை, சோதிடம் முதலிய துறைகளிலே புகுந்தனர். வந்த இடத்திலே தொழிலை மாற்றிக்கொண்டவர்களும் மாற்றாதவர்களும் சேர்ந்து பொதுவாக ஒரு பணி செய்தார்கள் என்பது, சங்கம் நடத்திவரும் நமக்கு உவப்பான செய்தியல்லவா?

துணிப்படத்தைப் பேணுவது பற்றிச் சில வார்த்தைகள். நேரே வெயில் படும் சுவரிலே மாட்ட வேண்டாம். சாயம் எதுவாயினும் வெயில் அதை உறிஞ்சிவிடும். அடுப்படிக்கு எதிரிலும் வேண்டாம். மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தூசு தட்டுவது போதும். வீடு மாற்றும்போது மடிக்காமல், ஓர் உருளையின்மேல் சுற்றி, பழைய பருத்தித் துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள். பின்புற உள்துணியின் மூலையிலே, எந்த இடம், எந்த ஆண்டு, யார் யார் கூடப் போனார்கள், எந்தப் பட்டை யாருடைய துணி என்ற விவரங்களைத் தமிழில் தைத்து வைக்கவும். அந்த எழுத்துகளைத் தைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். தமிழ் எழுதத் தயங்கும் பிள்ளையும், பென்சிலால் வரைந்த எழுத்தின்மேல் ஊசி ஓட்டும்போது அதன் வளைவுகளைக் கற்றுக்கொள்ளும்.

பாட்டணுக்குப் போக வாய்ப்பில்லாதவர்களும் குறைபட வேண்டாம். கொல்கத்தாவிலிருப்போர்க்கு விஷ்ணுபுரத்துச் சுடுமண் கோயில்கள் இருக்கின்றன; புவனேசுவரத்திலிருப்போர்க்குக் கோனார்க்கின் சக்கரம் இருக்கிறது; தில்லியிலே அக்ரசேனர் படிக்கிணறு நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அகமதாபாத்திலுள்ள அன்பர்கள் முதலில் அங்கேயே காலிகோ துணி அருங்காட்சியகத்துக்குச் சென்று வருவது நலம். 1949இல் சாராபாய் குடும்பத்தார் நிறுவியது அது. ஆலைத்தொழிலுக்குப் பேர்போன அந்நகரத்தில் துணிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற யோசனையை அவர்களுக்குச் சொன்னவர், இலங்கைத் தமிழர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வரான கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திருச்சிராப்பள்ளிப் பக்கம் செல்வோர் திருவெள்ளறையில் இறங்கிப் பார்க்க வேண்டும். பெருமாள் கோயிலருகே மார்ப்பிடுகு பெருங்கிணறு என்னும் படிக்கிணறு உள்ளது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி வெட்டப்பட்டது. அதாவது பாட்டண் கிணற்றுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்கி, ஸ்வஸ்திக வடிவில் வளைந்து திரும்புகின்றன. ஒரு வழியில் இறங்குபவர் மற்றொரு வழியில் இறங்குபவரைக் காண முடியாது. நீரருகே சென்ற பிறகுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இதனை மேலிருந்து பார்க்கும் தோற்றமாக, நான்கு நிறத் துணிகளில் தைத்தால் மிக அழகாக அமையும். பாட்டணுக்குக் கொண்டுபோன அதே நூல் அட்டையை அங்கும் கொண்டுபோங்கள்.

தைத்து முடித்தவர்கள் பொங்கல் விழாவின்போது சங்கத்தின் கூடத்திலே அவற்றைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்யலாம். பரிசும் போட்டியும் வேண்டாம். படத்தினருகே தைத்தவர் நின்று, தாம் பார்த்த இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் போதும். கடிதம் எழுதிய சகோதரியும், தங்கை என்ன விடை எழுதினார் என்பதை நமக்குத் தெரிவிப்பாராக.